பெயின்ற் அடித்த பழைய பைபர் வள்ளத்தில் வெடிப்பு: திரும்பி வராமல் திருத்துவது எப்படி

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையிலோ குருநகரிலோ கரையேற்றி வைத்திருக்கும் பழைய பைபர் வள்ளங்களைச் சுற்றிப் பார்த்தால், பெயின்றில் மயிர்க்கோடு ஓடாத வள்ளம் அருமை. பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: பேணியைத் திறந்து அந்தக் கோட்டுக்கு மேலே இன்னொரு தடவை பெயின்ற் இழுத்துவிடுவது. கொஞ்ச நாளில் அதே கோடு அதே இடத்தில் திரும்ப எழும். பெயின்றைக் குறை சொல்லிப் பயனில்லை. அனேகமான கோடுகள் பெயின்றில் பிறப்பவை அல்ல. அடியில் ஜெல்கோட் பிளந்திருக்கும், அல்லது அந்த இடத்துச் சுவர் அசைந்துகொண்டிருக்கும். அசைவு நிற்காதவரை மேலே எதைப் பூசினாலும் நிற்காது. ஆகவே வெடிப்பு ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

சுவரில் வெளியிலிருந்து உள்ளே மூன்று அடுக்குகள் உண்டு. முதலில் பெயின்ற். அதன் கீழ் வள்ளம் அச்சில் வார்த்தபோதே பூசிய ஜெல்கோட். அதன் கீழ் றெசினில் (ஹாட்னர் கலந்தால் இறுகும் பிசின்) ஊறிய பைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) அடுக்குகள். ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதற்குள் நார் கிடையாது, நிறம் சேர்த்த வெறும் றெசின். கடினமானது, ஆனால் வளையாது. உள்ளே இருக்கும் நார் அடுக்கு வளைந்து மீளும்போது ஜெல்கோட்டால் கூட வளைய முடியாமல் பிளக்கிறது. அச்சில் ஜெல்கோட்டை அளவுக்கு மிஞ்சித் தடிப்பாகப் பூசிய இடங்களில், முக்கியமாக உள்மூலைகளில், இது இன்னும் கெதியாக நடக்கும்.

கோட்டின் வடிவம் சொல்வது

ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல நாலாபக்கமும் ஓடும் கோடு அடிபட்டதால் வந்தது. கல்லில் மோதியிருக்கலாம், பக்கத்து வள்ளம் இடித்திருக்கலாம், நங்கூரம் உள்ளே விழுந்திருக்கலாம். 

ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, நெருக்கமாக ஓடும் பல கோடுகள் வளைவினால் வந்தவை. குறுக்குப்பலகை சுவரோடு சேரும் இடத்துக்கு நேர் வெளியே இவை வந்தால், பலகையை உள்ளே பிடித்திருக்கும் பைபர் பட்டை கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பலகையின் விளிம்பு சுவரை நேராகக் குத்திக்கொண்டு நின்றாலும் இதே கோடு வரும். ஒவ்வொரு அலைக்கும் சுவர் அந்த விளிம்பில் மடிந்து மடிந்து மீள்கிறது.

இயந்திரம் பூட்டும் பின்பலகையின் இரு மேல்மூலைகளிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக இறங்கும் கோடுகளை ஒருநாளும் சின்ன விசயமாக எடுக்காதீர்கள். பழைய வள்ளங்களில் பைபருக்குள் பலகை வைத்திருப்பார்கள். திருகாணித் துளையால் தண்ணீர் புகுந்து அந்தப் பலகை உக்கினால், இயந்திரத்தின் இழுவை முழுவதும் வெளித்தோலில் விழும்.

மேற்பரப்பு முழுவதும் வலைப்பின்னலாக நுணுக்கமாக வெடித்திருந்தால் வெயிலும் வயதும் காரணம். பெயின்றுக்கு மேல் பெயின்றாகப் பல வருடம் ஏற்றிய தடிப்பும் அப்படி வெடிக்கும்.

எந்த ஆழம் வரை போயிருக்கிறது என்று அறிய, கோட்டின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு 80 நம்பர் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். பெயின்ற் போனதும் கோடும் போனால் பெயின்ற் வெடிப்புத்தான். ஜெல்கோட்டில் கோடு தொடர்ந்தால், அதன் மேல் எழுத்து மையைத் தடவி உடனே துடையுங்கள். பிளவுக்குள் மை நிற்கும், கண்ணுக்குத் தெரியாத நுனி எங்கே முடிகிறது என்றும் காட்டும். ஜெல்கோட்டையும் தேய்த்தெடுத்த பிறகு, உள்ளே பச்சைக் கண்ணாடி போலத் தெரியவேண்டிய நார் அடுக்கு வெள்ளையாகப் பூத்திருந்தால் நாரும் றெசினும் பிரிந்துவிட்டன என்று பொருள். அப்போது மேற்பூச்சு வேலை போதாது. ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்பதும் உதவும். நல்ல இடம் கணீரென்று கேட்கும், அடுக்குப் பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற எல்லையைப் பென்சிலால் வட்டமிடுங்கள். கடைசியாக, ஒருவர் வெளியே கையை வைத்துக்கொண்டிருக்க மற்றவர் உள்ளிருந்து காலால் அமுக்கட்டும். கையில் அசைவு தெரிந்தால் உள்ளே பலப்படுத்தாமல் வெளியே தொட வேண்டாம்.

கழுவலும் காயவிடலும்

அவசரத்தில் கெடுவது இந்தக் கட்டம்தான். உப்பு ஈரத்தை இழுக்கும். உப்புப் படிந்த பிளவுக்கு மேல் எபொக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) பூசினால் பிறகு கொப்புளம் எழும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதால் கழுவுவது கழுவாததற்குச் சமம். நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள். பின்பக்கத்தில் மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் ஊறியிருக்கும். அங்கே முதலில் சவர்க்காரத் தூள் கரைத்துத் தேய்த்துக் கழுவவேண்டும். மண்ணெண்ணெயாலோ பெற்றோலாலோ துடைப்பது எண்ணெய்ப் படலத்தைப் பரப்பிவிடுமே ஒழிய எடுக்காது.

காய்ந்ததும் அசிற்றோன் நனைத்த துணியால் ஒரு துடை, உடனே காய்ந்த வேறு துணியால் ஒரு துடை. இதைத் தேய்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். முதலில் தேய்த்தால் மேலிருக்கும் எண்ணெயையும் மெழுகையும் சாண்ட் பேப்பர் கீறல்களுக்குள் தள்ளிவிடும்.

பிளவு நார் வரை போயிருந்தால், திறந்துவிட்ட பிறகு குறைந்தது நாலைந்து நாள் வெயிலில் காயவேண்டும். பொலித்தீன் துண்டொன்றை அந்த இடத்தில் விளிம்பு முழுக்க ரேப்பால் ஒட்டி ஒரு பகல் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வாடைக்காற்றோடு மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காமல் மாசி, பங்குனிக்குத் தள்ளுவது நல்லது. சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காய்ச்சல் நன்றாக இருக்கும். ஆனால் பின்னேரக் காற்று மணலை ஈரப் பெயின்றில் கொண்டுவந்து கொட்டும். அந்த மாதங்களில் விடியப் பனி காய்ந்த பிறகு தொடங்கி மதியத்துக்கு முன் பூச்சை முடித்துவிடுங்கள்.

ஜெல்கோட்டோடு நிற்கும் வெடிப்பு

பெயின்ற் அடித்த வள்ளம் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஜெல்கோட் நிறத்தைப் பொருத்தத் தேவையில்லை, எப்படியும் மேலே பெயின்ற் வரும். ஆகவே பிளவை ஜெல்கோட்டால் அடைக்காமல் எபொக்சிப் பட்டியால் (தூள் சேர்த்துக் குழைத்த எபொக்சி) அடையுங்கள். பழைய பைபரை எபொக்சி பிடிப்பது போலச் சாதா (பொலியெஸ்ரர்) றெசினோ ஜெல்கோட்டோ பிடிக்காது.

கோட்டின் இருபக்கமும் 5 சென்ரிமீற்றர் அகலத்துக்குப் பெயின்றை முழுவதும் தேய்த்தெடுங்கள். பெயின்ற் கரைக்கும் இரசாயனம் பாவிக்க வேண்டாம், அது றெசினையும் மெல்லத் தின்னும். தீச்சுவாலையும் வேண்டாம். அடுத்து, பிளவை ஆப்பு வடிவில் திறக்கவேண்டும். உடைந்த அரத்தின் முனையை முக்கோணமாகத் தீட்டி இழுத்தால் போதும். வாயில் 3 முதல் 4 மில்லிமீற்றர் அகலம், அடியில் நார் அடுக்கு இலேசாகத் தெரியும் ஆழம். மை காட்டிய நுனிக்கு அப்பாலும் 1 சென்ரிமீற்றர் இழுங்கள். பிளவைத் திறக்காமல் மேலே பட்டி தேய்த்தால் அது உள்ளே இறங்காது, பிளவின் வாயில் மூடி போல நிற்கும். அடுத்த அசைவில் மூடி கழரும்.

எபொக்சியின் இரண்டு பாகங்களையும் பேணியில் எழுதியிருக்கும் விகிதத்தில் தராசிலோ ஊசியில்லாத சிறிஞ்சிலோ அளந்து எடுங்கள். கெதியாக இறுகட்டும் என்று ஹாட்னரை (இறுக்கும் பாகத்தை) கூட்டுவது சாதா றெசினில் உள்ள பழக்கம். எபொக்சியில் விகிதம் பிசகினால் ஒருநாளும் முழுதாக இறுகாது. இரண்டு நிமிடம் கலந்து, முதலில் தூள் சேர்க்காத எபொக்சியைப் பிளவுக்குள் பிறஷால் தடவி ஊறவிடுங்கள். மிச்சத்துக்கு சிலிக்காத் தூள் சேர்த்து உளுந்துவடை மா பதத்துக்குக் கொண்டுவந்து, கரண்டியைச் சரித்துப் பிடித்து அமுக்கி நிரப்புங்கள். மட்டத்துக்கு மேல் அரை மில்லிமீற்றர் நிற்கட்டும், இறுகியபின் தேய்க்கலாம். நுண்குமிழித் தூள் தேய்க்க இலகு, ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் பகுதிக்கு அது வேண்டாம். வாகனங்களுக்குப் பூசும் சாதாரண பட்டியும் நீர்மட்டத்துக்குக் கீழே வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சி ஊதும்.

மறுநாள் எபொக்சியின் மேல் வழுக்கலான படலம் தெரிந்தால், தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு கழுவியெடுங்கள். அது சாண்ட் பேப்பரால் போகாது, அதற்கு மேல் பெயின்றும் பிடிக்காது.

நாரும் உடைந்திருந்தால்

இங்கே பட்டி வேலை செய்யாது. வெடித்த நாரை வெட்டியெடுத்துப் புது நார் போடவேண்டும். பலர் பிளவின் மேல் நேராக இரண்டு மேட் துண்டை ஒட்டிவிடுவார்கள். அந்த ஒட்டு பழைய சுவருக்கு மேல் முட்டிக்கொண்டு நிற்கும். அதன் விளிம்பில் புதிய வெடிப்பு தொடங்கும்.

கிரைண்டரில் 40 நம்பர் தட்டைப் போட்டு, வெள்ளை பூத்த நார் முழுவதும் போகும்வரை அரையுங்கள். பிறகு விளிம்பைச் சரிவாக்குங்கள். தடிப்பின் 12 மடங்கு அகலம் சரிவுக்கு வேண்டும். 5 மில்லிமீற்றர் சுவருக்குச் சுற்றிவர 6 சென்ரிமீற்றர். சரிவு கூடிப்போனதே என்று தோன்றும், ஆனால் ஒட்டின் பலம் முழுவதும் அந்தச் சரிவில்தான். ஓட்டை மறுபக்கம் வரை போயிருந்தால், பின்னால் மெழுகு தடவிய மெல்லிய பலகையோ ரேப் ஒட்டிய கடுதாசி மட்டையோ தாங்கலாக வையுங்கள்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் மேட் ஒரு அடுக்கு, றெசினோடு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் ஏறும். ஆகவே 5 மில்லிமீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு அடுக்கு. பெரிய துண்டு சரிவின் முழு அகலத்துக்கும் முதலில் போகட்டும். அடுத்தடுத்த துண்டுகள் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் சிறிதாகட்டும். முதலாவது துண்டே பழைய பைபரைப் பரந்து பிடிக்கிறது.

அளவுக்கு ஒரு கணக்கு. வெட்டிய எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகத் தராசில் வையுங்கள். 80 கிராம் என்றால் சாதா றெசின் அதன் இரண்டரை மடங்கு, 200 கிராம். பிறஷிலும் பேணியிலும் போவதற்கு 50 கிராம் கூட்டி 250 கிராம். கடையில் ஹாட்னர் என்று தரும் எம்.ஈ.கே.பி. 1 சதவீதம், அதாவது 2.5 கிராம், சிறிஞ்சில் ஏறக்குறைய அதே மில்லிலீற்றர். யாழ்ப்பாணத்து 30 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு இது போதும். 2 சதவீதத்துக்கு மேல் போனால் றெசின் கொதித்து, சுருங்கி, தானே வெடிக்கும். 1 சதவீதத்துக்கு நன்றாகக் குறைத்தால் வருடம் கழிந்தாலும் உள்ளே மென்மையாகவே இருக்கும். றெசினுக்கு றெசின் இறுகும் நேரம் மாறும். எனவே 50 கிராமைக் கலந்து நிழலில் வைத்து எத்தனை நிமிடத்தில் கட்டியாகிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள். தடிப்பாக இருக்கிறது என்று அசிற்றோன் ஊற்றி இளக்குவது பெரிய பிழை. அது உள்ளே அகப்பட்டு இறுக்கத்தைக் கெடுக்கும்.

சுவரில் முதலில் றெசின், பிறகு மேட், பிறகு மேலே றெசின். பிறஷால் இழுக்க வேண்டாம், குத்திக் குத்தி ஊறவையுங்கள், இழுத்தால் நார் திரளும். வெள்ளைப் புள்ளி தெரியும் இடமெல்லாம் காற்று. வரி றோலரால் நடுவிலிருந்து வெளியே உருட்டி வெளியேற்றுங்கள். ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். அது சூடேறி ஆறிய பிறகு மற்ற மூன்றையும் போடுங்கள். ஒரு இரவுக்கு மேல் விட்டால் அல்லது மேல்படலம் மெழுகு போல இருந்தால் 80 நம்பரால் தேய்த்துவிட்டே அடுத்த அடுக்கு.

எபொக்சியால் இதையே செய்ய விரும்பினால் சாதா மேட் பாவிக்காதீர்கள். மேட் நாரைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பொலியெஸ்ரர் றெசினில் கரையும், எபொக்சியில் கரையாது. நார் விறைத்தே நிற்கும், ஊறாது. எபொக்சிக்கு நெய்த பைபர் துணி வேண்டும். எபொக்சி போட்ட இடத்துக்கு மேல் சாதா றெசினும் நன்றாகப் பிடிக்காது என்பதால், முதலிலேயே ஒன்றைத் தெரிவு செய்து அதிலேயே முடியுங்கள்.

உள்ளே அசைவு இருந்த இடத்தில், கழன்ற பட்டையை வெட்டியெடுத்து, குறுக்குப்பலகையும் சுவரும் சேரும் மூலையை, மேட்டுக்குப் பாவிக்கும் அதே சாதா றெசினில் சிலிக்கா சேர்த்த பட்டியால் 15 முதல் 20 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவாக நிரப்புங்கள். கூர்மூலையில் மேட் படியாது, காற்றுப் பிடிக்கும். வளைவின் மேல் 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. முதலாவது மூலையிலிருந்து இருபக்கமும் 5 சென்ரிமீற்றர், இரண்டாவது 8 சென்ரிமீற்றர். இரண்டின் விளிம்பும் ஒரே கோட்டில் முடியவே கூடாது. முடிந்தால் அந்தக் கோட்டிலேயே சுவர் மடியத் தொடங்கும்.

பின்பலகைக்கு ஒரு சோதனை: இயந்திரத்தின் தலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகை அசைந்தால், ஒரு திருகாணியைக் கழற்றி அந்தத் துளைக்குள் 6 மில்லிமீற்றர் துளைகருவியால் மெல்லத் துருவி வரும் தூளைப் பாருங்கள். வெளிர்நிறக் காய்ந்த தூள் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் உள்பலகையை மாற்றவேண்டும். அந்த நிலையில் வெளியே வெடிப்பைப் பூசுவது ஆபத்து. கடலில் இயந்திரத்தோடு பின்பக்கம் கழன்று போகலாம். நல்லதாக இருந்தால் துளையை 2 மில்லிமீற்றர் பெரிதாகத் துருவி, எபொக்சியால் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மறுபடி துளைத்து, கடற்பயன்பாட்டுச் சீலன்ற் தடவித் திருகுங்கள். உள்பலகைக்குள் தண்ணீர் போகும் வழி அத்துடன் அடைபடும்.

வலைப்பின்னல் வெடிப்பை ஒவ்வொன்றாகத் திறந்து நிரப்பினால் வேலை முடியாது. அந்தப் பரப்பு முழுவதையும் 80 நம்பரால் ஜெல்கோட் வரை இறக்கி, எபொக்சி பிரைமரைத் தடிப்பாக இரண்டு மூன்று பூச்சு பூசித் தேய்ப்பதே வழி. கால்மிதிக்கும் மேல்தளமாக இருந்தால் இடையில் 200 கிராம் நெய்த துணி ஒரு அடுக்கை எபொக்சியில் படிய வையுங்கள்.

வள்ளத்தை இழுத்தேற்றும் கரை சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் ஏரா (அடிநடுவில் நீளமாக ஓடும் முதுகு) தேய்ந்து நார் வெளியே தெரியும். வடகரையில் இது வழமை. அங்கே பெயின்ற் தரிக்காது. ஏராவின் அடியில் மட்டும் 450 கிராம் மேட் மூன்று அடுக்குப் போட்டு, அது தேயும் பொருள் என்று வைத்துக்கொண்டு, தேயத் தேயப் புதுப்பியுங்கள்.

பெயின்ற்

பழைய பெயின்ற் எந்த வகை என்று தெரியாமல் புதியதை வாங்காதீர்கள். தின்னர் நனைத்த துணியை அதன் மேல் ஒரு நிமிடம் வைத்துத் தேயுங்கள். பெயின்ற் இளகித் துணியில் ஒட்டினால் அது சாதா எனமல். அதன் மேல் ஹாட்னர் கலக்கும் இரண்டு பாகப் பொலியூரிதேன் அடித்தால், பழையது சுருண்டு எழும்பும். ஒன்றில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதியது அடியுங்கள், அல்லது மறுபடியும் எனமலே அடியுங்கள். ஆனால் திருத்திய பைபருக்கும் எனமலுக்கும் இடையில் எபொக்சி பிரைமர் ஒரு பூச்சு வேண்டும்.

பிரைமருக்கு முன் 120 நம்பர், பிரைமர் காய்ந்தபின் 240, கடைசிப் பூச்சுக்கு முன் 320. மெல்லிய இரண்டு பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட நல்லது. தடித்த எனமலில் மேல்தோல் காய்ந்து கீழே தின்னர் அகப்பட்டுக்கொள்ளும். அது வெளியேறச் சுருங்கி, மேல்தோல் முதலைத் தோல் போல வெடிக்கும். புதிய வெடிப்பு என்று மிரண்டு மறுபடி கிரைண்டரை எடுக்கிறவர்களும் உண்டு. எனமலுக்குப் பூச்சுகளுக்கிடையில் ஒரு முழு நாள் விடுங்கள். கடும் நீலம், கறுப்பு போன்ற நிறங்கள் மேல்தளத்தில் வேண்டாம். மாசி வெயிலிலேயே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில் றெசின் இளகி நாரின் தடம் பெயின்றில் பதிந்து தெரியும். வெள்ளை அல்லது வெளிர்நீலம் வள்ளத்தின் ஆயுளைக் கூட்டும்.

உடம்புக்கு

எம்.ஈ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் அந்த இடத்திலேயே 15 நிமிடம் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி, பிறகு வைத்தியசாலைக்கு. றெசினுக்குத் தனியாகக் கொபோல்ற் (இறுக்கத்தை முடுக்கும் திரவம்) சேர்க்கவேண்டிய வகை உங்களிடம் இருந்தால், கொபோல்றை முதலில் றெசினில் நன்றாகக் கலந்துவிட்டே எம்.ஈ.கே.பி. சேருங்கள். இரண்டும் நேரடியாகச் சந்தித்தால் தீப்பிடித்து வெடிக்கும். இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைக்கவும் வேண்டாம்.

அரைக்கும் தூசுக்கு என்95 முகமூடி போதும். றெசின் ஆவிக்கும் இரண்டு பாகப் பெயின்றுக்கும் அது போதாது, கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் நீளக்கைச் சட்டையைக் கழற்றி உதறி, உடம்பை முதலில் குளிர்ந்த தண்ணீரால் கழுவுங்கள்.  பேணியில் மிஞ்சிய றெசினை அப்படியே மூலையில் வைக்காதீர்கள். தடிப்பாகக் கிடந்தால் சூடேறிப் புகைந்து பற்றும். மணலில் மெல்லியதாகப் பரப்பிவிட்டு இறுகியபின் எடுங்கள், கடலுக்குள் ஊற்ற வேண்டாம்.

திருத்திய வள்ளத்தை எபொக்சிக்கு ஒரு வாரம், சாதா றெசினுக்கு இரண்டு மூன்று நாள் விட்டபின் தண்ணீரில் இறக்குங்கள். முதல் நான்கு ஐந்து தடவை கடலுக்குப் போய் வந்ததும் திருத்திய இடத்தைக் கழுவி மையைத் தடவித் துடைத்துப் பாருங்கள். கோடு மறுபடி தெரிந்தால் பட்டிப் பேணியைத் தேடாமல் உள்பக்கத்துக்குப் போய் எது இன்னும் அசைகிறது என்று பாருங்கள்.